2024–25 ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை: ஜாஸ் கேட்ட ஞாயிறுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

மும்பை மாட்டுங்காவில் இயங்கிவரும் நமது இசை ரசிகர் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். மாதக் கச்சேரிகளும் தியாகராஜ ஆராதனையும் சிறுவர் பாட்டுப் போட்டியும் குறைவின்றி நடந்தேறின. அவற்றின் விவரம் பொருளாளரின் கணக்கிலேயே காணக் கிடைப்பதால், இவ்வறிக்கையின் பெரும்பகுதியை நமது மூத்த உறுப்பினர் ஒருவர் மாதக் கடைசி ஞாயிறுதோறும் நடத்திய, அமெரிக்காவில் பிறந்த ஜாஸ் இசையைக் கேட்கும் அமர்வுகளுக்கே ஒதுக்குகிறேன். தம் பெயரை அறிக்கையில் ஏற்ற வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், நாம் எல்லோரும் அழைக்கும் வண்ணம் ‘சர்ச்கேட் மாமா’ என்றே இங்கும் குறிப்பிடுகிறேன்.

இந்த யோசனையைச் செயற்குழுவில் எதிர்த்தவன் நான்தான் என்பதையும் பதிவு செய்வது முறை. சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவே ஒலிக்கும் இசைக்குச் சங்கக் கூடம் எதற்கு என்று கேட்டேன். மாமா கோபிக்கவில்லை. “அந்த மேசையிலிருந்து அதை எடுத்துவந்து ஜமக்காளத்தில் உட்கார்த்தி வைத்துக் கேட்க வேண்டும் என்றுதான் நானும் சொல்கிறேன்” என்றார். யோசனை நிறைவேறியது.

1956 இல் திருநெல்வேலியில் சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு வந்து மும்பையின் கோட்டைப் பகுதி அலுவலகம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த மாமாவுக்கு முதல் ஆசான் ஒரு வானொலிப் பெட்டி. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவின் சிற்றலையில் 1955 முதல் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திவந்த வில்லிஸ் கானோவர், ஆங்கிலம் அதிகம் அறியாதவரும் பின்தொடரும்படி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். அலை ஏறி இறங்கும் இரைச்சலுக்கு நடுவே அதைக் கேட்டுப் பெயர்களை நோட்டுப் புத்தகத்தில் சுருக்கெழுத்தில் குறித்துக்கொண்டதாக மாமா சொன்னார். அந்த நோட்டை முதல் அமர்வில் கொண்டுவந்து காட்டவும் செய்தார். அவரைத் தவிர நம்மில் எவராலும் ஒரு வரியும் படிக்க இயலவில்லை.

அதே அலுவலகத்தில் பகலில் கணக்கெழுதி இரவில் டிரம்பெட் வாசித்த கோவா நண்பர் ஒருவர்தான் அவரைச் சர்ச்கேட் தெருவுக்கு, அதாவது இன்றைய வீர் நரிமன் சாலைக்கு, அழைத்துச் சென்றவர். உணவகங்களில் வாத்தியக் குழுக்கள் வாசித்த காலம் அது. ஒரு சாப்பாட்டின் விலை தமக்குக் கட்டுப்படியாகாது என்பதால் பல இரவுகள் நடைபாதையில் நின்றே கேட்டதாகவும், ஒருமுறை துணிந்து உள்ளே போய் ஒரே காப்பியுடன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது மேலாளர் கண்ணியமாக வாசலைக் காட்டியதாகவும் சொன்னார். வெளியே வந்தபின் இசை இன்னும் தெளிவாகக் கேட்டதாம். உள்ளே கரண்டிச் சத்தம் அதிகம்.

இந்த நகரில் ஜாஸ் அதற்கும் முந்தியது. 1935 இல் லியான் ஆபி என்ற கறுப்பின அமெரிக்கர் தம் குழுவுடன் தாஜ்மகால் ஓட்டலுக்கு வந்தார். பியானோ மேதை டெடி வெதர்ஃபோர்ட் அங்கு வாசித்துப் பின்னர் கல்கத்தா சென்று, 1945 இல் அங்கேயே காலராவில் மறைந்தார். அவர்களிடம் பாடம் கேட்டவர்களைப் போல வளர்ந்தவர்கள் கோவாக் கலைஞர்கள். மாதாகோயில் பள்ளிகளிலேயே ஸ்வரக் குறிப்பு எழுதவும் படிக்கவும் பயின்ற அவர்களுக்குப் புதிய இசை எளிதில் கைவந்தது. அவர்களில் சிக் சாக்லேட் என்று புகழ்பெற்ற அன்டோனியோ சேவியர் வாஸை, அமெரிக்க டிரம்பெட் மேதையின் பெயரால் ‘இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங்’ என்றே அழைத்தார்கள். 1949 ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தால் இரவு விடுதிகளின் வருமானம் சுருங்கவே, இக்கலைஞர்கள் பலர் பகலில் திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்களை நாடினார்கள். இசையமைப்பாளர் ஹார்மோனியத்தில் பாடிக்காட்டிய மெட்டைப் பிடித்து, எந்த வயலின் எங்கே எழ வேண்டும், எந்தப் பித்தளை வாத்தியம் எங்கே பதில் சொல்ல வேண்டும் என்று தாளில் எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். சி. ராமச்சந்திராவுடன் சிக் சாக்லேட்டும், ஓ.பி. நய்யர், சங்கர்–ஜெய்கிஷன் ஆகியோருடன் செபாஸ்டியன் டிசோசாவும் பணியாற்றினார்கள். “ஜாஸே பிடிக்காது என்பவன் அறுபது வருஷமாக அதைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறான்” என்பது மாமாவின் வாதம். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஆண்டின் மறக்கவியலாத அமர்வு ஆகஸ்டில் நடந்தது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959 இல் நியூயார்க்கில் பதிவு செய்த ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டின் முதல் உருப்படியை மாமா ஒலிக்கச் செய்துவிட்டு, இது என்ன ராகம் என்று கேட்டார். நமது பாட்டாசிரியை சற்றும் தயங்காமல் கரகரப்பிரியா என்றார். ஜாஸ் கலைஞர்கள் டோரியன் என்று சொல்லும் ஸ்வர வரிசையும் அதே ஏழு ஸ்வரங்கள்தாம். சுருதிப் பெட்டியை வைத்துக்கொண்டு அம்மையார் கூடவே ஸ்வரம் பாட, நான்கு எண்ணிக்கை கொண்ட அட்சரக்கட்டுகள் பதினாறு வரை எல்லாம் சுகமாகப் போயிற்று. பதினேழாவதில் அந்த ஸ்வர வரிசை முழுவதுமே ஆதார ஷட்ஜத்தோடு அரை ஸ்தாயி மேலேறி நின்றது என்று நான் குறிப்பெடுத்திருந்தேன். மாமா அதைத் திருத்தி, அரை ஸ்வரம் என்று எழுதச் சொன்னார். அம்மையார் அவசரமாகப் பெட்டியின் குமிழைத் திருகிச் சுருதியைப் பிடிப்பதற்குள் எட்டுக் கட்டுகள் முடிந்து, இசை பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. கூடம் முழுவதும் சிரித்தது, அம்மையாரும் சிரித்தார். நமக்கு ஆதார சுருதி அசையாத நிலம், அவர்களுக்கு அது மாடிப்படி என்று மாமா விளக்கியபோது, என் எதிர்ப்பில் பாதி அன்றே கரைந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

தாளத்தில் நம்மவர் தடுமாறவில்லை. அமெரிக்கப் பியானோ கலைஞர் டேவ் புரூபெக் குழுவின் ‘டேக் ஃபைவ்’ கேட்டு அமெரிக்கர் வியந்த ஐந்து எண்ணிக்கை, கண்டசாபு போட்டுப் பழகிய நமது உறுப்பினர்களின் கைக்குத் தானாக வந்தது. புரூபெக் 1958 இல் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இந்தியா வந்தபோது, சென்னையில் பழநி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தைக் கேட்டதையும் சேர்ந்து வாசித்ததையும் மாமா பெருமையோடு நினைவுகூர்ந்தார். ஆனால் சாதாரண நான்கு எண்ணிக்கையில் நாம் அனைவரும் முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும் தட்டுகிறோம், இரண்டிலும் நான்கிலும் தட்ட வேண்டும் என்று திருத்தியே அவர் களைத்துப்போனார். ஆண்டு முடிந்தும் இது சீராகவில்லை.

சாக்ஸபோனைப் பற்றிய விவாதம் இரண்டு அமர்வுகளுக்கு நீண்டது. அந்த வாத்தியத்தில் கமகம் பேசாது என்று மாமா சொல்லிவிட, சாக்ஸபோனில் கர்நாடக இசை வாசித்த கத்ரி கோபால்நாத்தை மறந்துவிட்டீர்களா என்று நான் குறுக்கிட்டேன். மறக்கவில்லை என்றார் மாமா. 1980 இல் மும்பை ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்ட அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹேண்டி, தாமும் உடன் வாசிக்க விரும்பி மேடையேறியபோது மாமா பார்வையாளர் வரிசையில் இருந்தவர். “கோபால்நாத் சாக்ஸபோனை நாகஸ்வரமாக்கினார், அது அவர் சாமர்த்தியம், வாத்தியத்தினுடையது அல்ல” என்பது மாமாவின் தீர்ப்பு. எனக்கு இதில் இன்றும் உடன்பாடில்லை.

அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சோனி ரோலின்ஸ் 1978 இல் வந்து வாசித்த மும்பை ரங்பவன் திறந்தவெளி அரங்கைப் பற்றிப் பேசும்போது மட்டும் மாமாவின் குரல் தாழ்ந்தது. ஒலிக் கட்டுப்பாட்டு விதிகளால் அங்கே கச்சேரிகள் நின்றதைச் சில உறுப்பினர்கள் கண்டித்தபோது, அருகே மருத்துவமனை இருக்கிறது, நோயாளியின் தூக்கம் ரோலின்ஸைவிடப் பெரிது என்று அவர் சொன்னது யாரும் எதிர்பாராதது. மும்பை காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் இசைத்தட்டுக் கடை 2016 இல் மூடப்பட்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. வாங்குமுன் தட்டைக் கேட்டுப் பார்க்கச் சிற்றறைகள் வைத்திருந்த கடை அது. வாங்கக் காசில்லாத மாதங்களில் அங்கேயே பாதிக் கல்வி நடந்ததாம். கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தபடி கச்சேரி கேட்பதையும், தனி வாசிப்பு முடியுமுன் கைதட்டுவதையும், சிறிய ப்ளூடூத் பெட்டியில் டபுள் பாஸ் என்ற கனத்த குரல் தந்தி வாத்தியத்தைத் தேடுவதையும் பற்றி அவர் சொன்னவை பல. கடைசியானதை மட்டும் செயற்குழு ஏற்றுப் பெரிய ஒலிபெருக்கி இரண்டை வாடகைக்கு எடுத்தது.

நிறைவாக, பொதுக்குழுவின் ஒப்புதலுக்குரிய ஒரு செய்தி. மாமா தம் இசைத்தட்டுகள் முழுவதையும் சங்கத்துக்கு அளிக்க முன்வந்துள்ளார். மழைக்காலத்தில் தட்டின் உறைகளில் பூஞ்சை படிவதால், ஈரம் புகாத இரும்பு அலமாரி ஒன்றும், தட்டுகளைச் செங்குத்தாக நிறுத்த மரச்சட்டங்களும், தட்டு சுழற்றிக்குப் புதிய ஊசியும் தேவை. பொருளாளர் ஊசியின் விலைக்கு மட்டும் ஆட்சேபம் தெரிவித்துள்ளார். மாமா விதித்துள்ள நிபந்தனை ஒன்றே: தட்டு சுழலும் நேரத்தில் கூடத்தில் காப்பி பரிமாறக் கூடாது. காப்பியைப் பக்கம் மாற்றும் இடைவெளியில் வழங்கலாமா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்வதாகக் கூறியுள்ளார்.

இங்ஙனம்,
செயலாளர்