காட்டலான் வட்டார வழக்கு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த ஸ்பெயின் பயணக் கட்டுரையைப் படித்தேன். சாப்பாடு, கால்பந்து பற்றியெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் 'காட்டலான், பாஸ்க் போன்ற ஸ்பானிஷ் வட்டார வழக்குகளும் உண்டு' என்று போகிற போக்கில் ஒரு வரி வந்ததே, அதைத்தான் விட மனசு வரவில்லை.

நான் வேலைக்காக இரண்டு வருடம் காட்டலான் பேசும் பார்சிலோனாவில் இருந்தவன். 'வெளியே போகும் வழி'க்கு ஸ்பானிஷில் சலீதா, காட்டலானில் சுர்தீதா, வடமேற்கு ஸ்பெயினின் கலீசியனில் சாயீதா. மூன்றும் லத்தீன் வயிற்றுப் பிள்ளைகள், ஆனால் தனித்தனிப் பிள்ளைகள். வடக்கே பாஸ்க் பகுதியின் பில்பாவோ நகர மெட்ரோவில் இறங்கினால் அதே வழிக்கு 'இர்தேரா' என்று போட்டிருக்கும். அதுதான் பாஸ்க். லத்தீன், ஆங்கிலம், இந்தி எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்திலேயே சேராத மொழி, இன்று பேசப்படும் எந்த மொழியோடும் அதற்கு உறவு நிரூபிக்கப்படவில்லை, அதைப் போய் ஸ்பானிஷின் வட்டார வழக்கு என்றால் எப்படி? வட்டார வழக்குதான் வேண்டும் என்றால் தெற்கே ஆந்தலூசியாவுக்குப் போகலாம், அங்கே சொல்லின் கடைசி 'ஸ்' பெரும்பாலும் தொண்டைக்குள்ளேயே நின்றுவிடும்.

'ஸ்பானிஷ்' என்ற பெயரிலேயே வில்லங்கம் இருக்கிறது. ஸ்பெயினின் 1978 அரசியல் சட்டம் 3ஆம் பிரிவில் ஆட்சிமொழியின் பெயரைக் 'காஸ்தெயானோ' என்றுதான் எழுதியிருக்கிறது, அதாவது காஸ்டீல் பகுதியின் மொழி. மற்றவற்றை 'ஏனைய ஸ்பானிய மொழிகள்' என்கிறது. பெரு, கொலம்பியாவின் அரசியல் சட்டங்களிலும் காஸ்தெயானோதான், கியூபாவில் பார்த்தால் எஸ்பான்யோல், அதாவது ஸ்பானிஷ். ஸ்பெயினின் மொழிக் கழகமான ராயல் அகாடமியே தன் அகராதியின் தலைப்பை 1925இல்தான் எஸ்பான்யோல் என்று மாற்றியது. வலென்சியாவில் கதை தலைகீழ்: மொழியியலாளர்கள் காட்டலானின் ஒரு வடிவம் என்பதை அங்கே வலென்சியன் என்றே சொல்வார்கள். அங்கே போய் காட்டலான் என்று சொல்லிப் பாருங்கள், சிலர் முகம் மாறிவிடும்!

எங்கள் வீட்டுக்கார அம்மாவுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. பேரனோடு நாள் முழுக்கக் காட்டலானில்தான் பேச்சு. ஆனால் தண்ணீர் வராது என்று கதவில் சீட்டு ஒட்டினால் மட்டும் அது காஸ்தெயானோவில் இருக்கும். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். அவர் படித்தது சர்வாதிகாரி ஃபிராங்கோ காலத்தில், பள்ளிக்கூடத்தில் காட்டலான் எழுதவே கற்றுத் தரவில்லையாம். 2023 செப்டம்பரில் நாடாளுமன்றக் கீழவையில் காட்டலான், பாஸ்க், கலீசியன் பேசலாம் என்று அனுமதித்தபோது எனக்கு அந்தச் சீட்டுதான் ஞாபகம் வந்தது.

ஒரு சின்னத் திருத்தம் போட்டுவிடுங்கள், சரியா?

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன், திருச்சி