உப்பு எவ்வளவு என்று கரண்டியில் காட்டுங்கள்

நலவாழ்வுக் காணொளிகளைத் தயாரிக்கும் துறையினருக்கு,

வணக்கம். ஆரோக்கிய உணவு பற்றி நீங்கள் வெளியிட்ட காணொளியை அம்மா முழுவதும் பார்த்தார். 12 நிமிடம். அதில் முதல் நான்கு நிமிடம் வரவேற்பும் உரையும். அப்புறம் 'உப்பைக் குறையுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள்' என்றீர்கள். முடிந்ததும் அம்மா கேட்டார்: "சரி, எவ்வளவு போடணும்னு சொல்லவே இல்லையே?"

அம்மாவுக்கு ரத்த அழுத்தம். சமையலில் உப்பை எப்போதோ குறைத்துவிட்டார். அன்று மாலை ஒரு நொறுக்குத்தீனி பாக்கெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கண்ணாடியை ஏற்றி இறக்கி, 'உப்பு' என்ற சொல்லைத் தேடினார். இல்லை. 'சோடியம், 100 கிராமுக்கு 800 மில்லிகிராம்' என்றுதான் இருந்தது. "இதில் உப்பு இல்லை போல" என்று பிரித்துவிட்டார்.

சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால்தான் உப்பின் அளவு தெரியும். அந்த 150 கிராம் பாக்கெட்டில் இருந்தது 3 கிராம் உப்பு. பெரியவர்களுக்கு நாள் முழுவதற்குமே 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 12 நிமிடத்தில் இதைச் சொல்ல இடமில்லையா?

அளவைக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறோம். ஒரு குளிர்பான பாட்டிலின் சர்க்கரையை, 4 கிராமுக்கு ஒரு தேக்கரண்டி வீதம், கண்ணாடி தம்ளரில் கொட்டிக் காட்டுங்கள். அதைப் பார்த்த குழந்தை மறக்காது.

அதே குளிர்பானத்தை விற்பவர்கள் அரை நிமிடத்தில் எங்கள் குழந்தைகளின் நாக்கில் எச்சில் ஊற வைத்துவிடுகிறார்கள். நகரத்தில் இருவரும் வேலைக்குப் போய், இருட்டிய பிறகு அடுப்பைப் பற்றவைக்கும் வீடுகள் எத்தனை! களைப்பில் கை போனில் சாப்பாடு தேடுகிறது. அந்த நேரத்தில் அந்தக் கையை நிறுத்த வேண்டியது உங்கள் காணொளி. பொதுப்பணத்தில் எடுத்த படம் எங்கள் அடுப்படி வரைக்கும் வராவிட்டால் யாருக்காக எடுத்தீர்கள்?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கோரிக்கை அதேதான்: அளவைக் காட்டுங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். இரண்டு நிமிடம் போதும். வெளியிடும் முன், சமைக்கிறவர்கள் நாலு பேருக்குப் போட்டுக்காட்டி, "இன்று சமையலில் எதை மாற்றுவீர்கள்?" என்று தயவுசெய்து கேட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் காணொளியைக் கடைசி வரை பார்த்த ஒரு வீட்டிலிருந்து