48 மெகாபிக்சல் என்று அச்சிட்டு விற்ற கேமரா குறித்த புகார்

அனுப்புநர்:
தங்கள் வாடிக்கையாளர்,
பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
கேமரா இறக்குமதி மற்றும் விற்பனை நிறுவனம்.

பொருள்: உங்கள் இணையக் கடையில் வாங்கிய 48 மெகாபிக்சல் கையடக்கக் கேமரா – பெட்டியில் அச்சிட்ட விவரமும் உள்ளே இருக்கும் பொருளும் பொருந்தாமை – பணத்தைத் திருப்பிக் கேட்டல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

என்னிடம் உள்ள கேமரா பழுதாகிவிட்டது என்று சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. அது ஓடுகிறது, படம் எடுக்கிறது, சார்ஜ் ஏறுகிறது. உங்கள் சேவை மையமும் சோதித்துப் பார்த்துவிட்டு "குறை ஏதும் இல்லை, தயாரிப்பு வரையறைக்குள் உள்ளது" என்று சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டது. அதை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் பெட்டியில் விவரித்த கேமரா பெட்டிக்குள் இல்லை என்பதுதான் என் புகார். ஒரு பீஸில் வந்த குறை என்றால் மாற்றிக் கொடுத்து முடித்துவிடலாம். இது அந்த மாடல் முழுவதற்கும் உள்ள குறை. அதனால்தான் சேவை மையத்தோடு விடாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் கோரைப்பாய் நெய்கிறோம். என் உம்மா நெய்கிறார், நான் ஆர்டர் எடுக்கிறேன். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு. பச்சைக் கோரையை அறுத்துக் காயவைத்து, தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் பருமனுக்குக் கீறி, சாயம் ஏற்றி, பருத்திப் பாவில் ஒவ்வொன்றாகக் கோத்து நெய்வது. நயமான பட்டுப்பாய் ஒன்று முடிய வாரக்கணக்கில் ஆகும். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை, பெண் பேரையும் பாயிலேயே நெய்து கொடுக்கிறோம். முன்பு கேட்டவர்கள் ஊருக்கே வந்து தடவிப் பார்த்து வாங்கினார்கள். இப்போது சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் படம் பார்த்துத்தான் கேட்கிறார்கள். வாங்குகிறவர் கைக்குப் பதில் படம்தான் பாயைத் தடவுகிறது.

போனில் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். கேமராவுக்குப் போனதற்குக் காரணம் உண்டு. என் போன் படத்தை எடுத்த கையோடு தானே மழமழவென்று தேய்த்துவிடும். முகத்துக்கு அது நன்றாக இருக்கலாம். பாயில் கோரை வரிசை அழிந்து சாயம் பூசிய பிளாஸ்டிக் மாதிரி தெரிகிறது. அதோடு பணம் வருவதும் ஆர்டர் பேசுவதும் அந்தப் போனில்தான். தறிக்கு அருகே ஒரு கேமரா கிடந்தால் நெய்கிற நேரத்திலேயே எடுக்கலாம், பையனின் பள்ளிக்கூட விழாவுக்கும் ஆகும், பெருநாளுக்கும் ஆகும் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் உங்கள் விளம்பரம் தமிழிலேயே வந்தது: 48 மெகாபிக்சல், 16 மடங்கு ஸூம், கை ஆடினாலும் ஆடாத படம், தினமும் கூடவே வரும் கேமரா என்று. விலை 9,990 ரூபாய். உம்மாவின் உழைப்புப் பணத்தில் வாங்கினேன்.

முதலில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டு உம்மாவிடம் காட்டினேன். "இது நா நெய்ஞ்ச பாயா புள்ள? கோரையையே காணுமே" என்றார். கண்ணாடி போட்டு நெய்கிற அறுபது வயதுக்காரர், ஒரு இழை தப்பினாலும் விரலாலேயே கண்டுபிடிப்பவர். அவர் சொன்னது சரிதான். பெரிதாக்கிப் பார்த்தால் கோரை கோரையாகத் தெரியவில்லை, ஈரத்தில் ஊறிய கடுதாசி போலக் குழம்பிக் கிடந்தது.

சேரன்மகாதேவியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணன் ஒருவரிடம் எடுத்துப்போனேன். அவரிடம் பழைய பாக்கெட் கேமரா ஒன்று இருக்கிறது, 12 மெகாபிக்சல்தான். ஒரே பாயை, ஒரே மேசையில், ஜன்னல் வெளிச்சத்தில், ஸ்டாண்டில் வைத்து டைமர் போட்டு இரண்டிலும் எடுத்தோம். அவருடைய 12-இல் கோரையின் விளிம்பு எண்ணுகிற மாதிரி நின்றது. உங்கள் 48-இல் நிற்கவில்லை. பிறகு உங்கள் கேமராவிலேயே அளவைக் குறைத்து 12-இல் வைத்து எடுத்தோம். 48-இல் தெரிந்த எதுவும் 12-இல் குறையவில்லை, 12-இல் இல்லாத எதுவும் 48-இல் கூடவும் இல்லை. ஃபைல் மட்டும் பெரிதாக இருந்தது. நெருங்கிய நெசவில் சில கோணங்களில் இல்லாத வானவில் பட்டை தோன்றியது. அது எந்த டிஜிட்டல் கேமராவிலும் வரக்கூடியது என்று அண்ணன் சொன்னார், அதை உங்கள் மேல் சொல்ல மாட்டேன்.

அவர்தான் கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினார். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், நீங்களே போட்டிருக்கிறீர்கள்: உள்ளே இருப்பது 13 மெகாபிக்சல் சென்சார் (வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சில்லு), அளவு 1/3 அங்குலம், 48 என்பது மென்பொருள் இட்டு நிரப்பியது. கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். சென்சார் பிடிப்பது 4208-க்கு 3120, அதாவது ஏறத்தாழ 1 கோடியே 31 லட்சம் புள்ளிகள். ஃபைலில் இருப்பது 8000-க்கு 6000, 4 கோடியே 80 லட்சம். நூறு புள்ளியில் சுமார் 73 புள்ளிகள் வெளிச்சத்திலிருந்து வந்தவை அல்ல. பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்துப் போட்டவை. அந்த ஊகத்துக்கு உம்மாவின் நெசவு எப்படித் தெரியும்?

அங்குலக் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் பெட்டியில் அது எங்கேயும் இல்லை. இந்த அங்குலம் சென்சார் வகையின் பெயர்தான், நேரடி அளவு அல்ல. உங்கள் சென்சார் ஏறத்தாழ 4.8 மில்லிமீட்டருக்கு 3.6. பரப்பு 17 சதுர மில்லிமீட்டர். அண்ணனின் பழைய கேமராவில் இருப்பது சாதாரண பாக்கெட் கேமராக்களில் வரும் 1/2.3 அங்குல வகை, 6.17-க்கு 4.55, பரப்பு 28. விலை கூடிய கையடக்கக் கேமராக்களில் வரும் 1 அங்குல வகை 13.2-க்கு 8.8, பரப்பு 116. வெளிச்சம் விழுகிற இடம் சிறியது என்றால் வீட்டுக்குள் படம் புள்ளி புள்ளியாக வரும், அதை மறைக்க மென்பொருள் தேய்க்கும், தேய்த்தால் இழை போகும். ஒரு கேமராவைத் தினசரிக்கு வாங்கலாமா என்று பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டிய எண் இதுதான். அடுத்தது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்கிற எஃப் எண். இரண்டையும் விட்டுவிட்டு 48-ஐ மட்டும் விரல் பருமனுக்கு அச்சிட்டிருக்கிறீர்கள்.

ஸூம் விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம். பையனுக்குப் பள்ளியில் பறவைகள் பற்றிய செயல்திட்டம் கொடுத்திருந்தார்கள். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே மஞ்சள்மூக்கு நாரைகள் ஊருக்குள் வீட்டு மரத்திலேயே கூடு கட்டும், ஊர்க்காரர்கள் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வார்கள். அவை கிட்டத்தில் இருந்ததால் ஏதோ வந்தது. குளத்து நடுவே நின்ற கூழைக்கடாவை எடுக்க ஸூமை முழுக்க இழுத்தான். வந்தது வெள்ளையாக ஒரு திட்டு. உங்கள் லென்ஸ் நகரவே இல்லை என்று அப்போதுதான் கவனித்தேன். ஒளியியல் ஸூம் என்றால் உள்ளே லென்ஸ் நகர்ந்து காட்சியைப் பெரிதாக்கிச் சென்சார் முழுவதிலும் விழவைக்கும். உங்களுடையது நடுவில் ஒரு துண்டை வெட்டி ஊதிக் காட்டுவது. 16 மடங்கு என்றால் அகலத்தில் பதினாறில் ஒன்று, உயரத்திலும் பதினாறில் ஒன்று. 4208-ம் 3120-ம் 263-ம் 195-மாக ஆகிவிடும். மொத்தம் ஐம்பத்தோராயிரம் சொச்சம் புள்ளி. அதை 48 மெகாபிக்சல் படம் என்று சேமிக்கிறது. பறவை போன பிறகு பையன் என்னைப் பார்த்த பார்வைக்கு நான் என்ன பதில் சொல்வேன்? அந்த வேலையை எந்தப் போட்டோ மென்பொருளிலும் வீட்டில் உட்கார்ந்தே காசில்லாமல் செய்யலாம்.

எனக்குப் பண நஷ்டம் வந்தது நிறத்தில். உம்மா சிவப்புக்கு இன்னும் சப்பங்கட்டையைக் காய்ச்சித்தான் சாயம் எடுக்கிறார். ஆழ்ந்த சிவப்பு. டியூப் லைட்டில் உங்கள் கேமரா அதைச் செங்கல் நிறமாக்கியது, வெயிலில் ஆரஞ்சாக்கியது. வெள்ளைக் காகிதத்தைக் காட்டி நிறத்தைச் சரிசெய்யும் வசதி இந்த மாடலில் இல்லை. உள்ள நாலு முன்னமைப்புகளில் எதுவும் பொருந்தவில்லை. கல்யாணப் பாய் கேட்ட ஒரு குடும்பம் படத்தில் பார்த்த நிறத்தை நம்பிப் பந்தல் துணியெல்லாம் அதற்குத் தக்கபடி எடுத்திருக்கிறார்கள். பாய் போய்ச் சேர்ந்ததும், "நீங்க காட்டுனது ஒண்ணு, அனுப்புனது ஒண்ணு" என்று போன் செய்தார்கள். பேர் நெய்த பாய், வேறு யாருக்கும் விற்க முடியாது. ஆனாலும் காட்டியபடி பொருள் இல்லை என்று வாங்கியவர் சொன்னால் அது நியாயமான பேச்சு. உம்மா ஒரு வார்த்தை மறுக்கவில்லை, பணத்தை முழுவதுமாகத் திருப்பி அனுப்பச் சொன்னார். அனுப்பிவிட்டேன். அதே நியாயத்தைத்தான் இப்போது உங்களிடம் கேட்கிறேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பட்டனை அமுக்கியதற்கும் படம் விழுவதற்கும் நடுவே குழந்தை திரும்பிவிடுகிறது. ஃபிளாஷ் என்று போட்டிருப்பது சின்ன எல்இடி விளக்கு, இரண்டு அடிக்கு அப்பால் பயனில்லை. ஆடாத படம் என்பது வீடியோவில் ஓரங்களை வெட்டிச் செய்வது, போட்டோவுக்கு அது கிடையாது. நல்லதையும் சொல்ல வேண்டும்: எடை குறைவு, பைக்குள் அடங்குகிறது, போன் சார்ஜரே போதும், பட்டன்கள் உம்மாவுக்கே புரிகிற மாதிரி இருக்கின்றன. 13 மெகாபிக்சல், ஸூம் இல்லை என்று உண்மையை எழுதி, அதற்குத் தக்க விலைக்கு விற்றிருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுக்க இதை நானே நாலு பேருக்குச் சொல்லியிருப்பேன்.

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் இருக்கும் உங்கள் சேவை மையத்தில் இருந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, உங்க பீஸ்ல ஒண்ணும் கோளாறு இல்ல. இந்த மாடல் எல்லாமே இப்படித்தான் எடுக்கும்" என்றார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். நான் அனுப்பிய மின்னஞ்சலுக்கு மட்டும் ஒரு புகார் எண் வந்தது, அதன்பின் ஒரு மாதம் தாண்டியும் பதில் இல்லை. இணையத்தில் விற்பவர்களுக்கான 2020-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது குறைதீர் அலுவலராகிய உங்கள் கடமை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளைப் பொய்யாக விவரிப்பதைத் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்கிறது. ஒரு பொருளுக்கு இல்லாத தரத்தை உள்ளதாகச் சொல்வதை முறையற்ற வணிகம் என்கிறது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். அந்தக் கையேடு பணம் கட்டி, பெட்டியைப் பிரித்த பிறகுதான் என் கைக்கு வந்தது. விளம்பரத்தைத் தமிழில் தரத் தெரிந்த உங்களுக்கு அந்த ஒரு வரியையும் தமிழில், விலைக்குப் பக்கத்தில் தர முடியும்.

எனவே நான் கேட்பவை: கேமராவை உங்கள் செலவில் எடுத்துக்கொண்டு 9,990 ரூபாயையும் முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். வேறு மாடல் மாற்றித் தருவது, கூப்பன் தருவது எனக்கு வேண்டாம். இரண்டாவதை முதலாவதைவிட அழுத்திக் கேட்கிறேன்: உங்கள் இணையப் பக்கத்திலும் பெட்டியிலும் சென்சாரின் உண்மையான மெகாபிக்சலை முன்பக்கத்தில் போடுங்கள், சென்சார் அளவையும் எஃப் எண்ணையும் போடுங்கள், ஒளியியல் ஸூம் இல்லை என்பதைச் சொல்லுங்கள். எங்கள் தெருவில் மட்டும் இதே விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாங்கலாமா என்று என்னைக் கேட்ட நெசவுக்காரப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் படங்களைக் காட்டிவிட்டேன். மற்ற ஊர்களில் காட்ட ஆள் இல்லை.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டுத் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன். நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட அந்தச் சட்டம் இடம் தருகிறது, 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை. பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சோதனை வேண்டும் என்று நானே கேட்பேன். விளம்பரம் பற்றி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கும் தனியாக எழுதுவேன். விளம்பரத்தை நிறுத்தவும், 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கவும் அவர்களால் முடியும்.

கேமராவைப் பெட்டி, கேபிள், கார்டு சகிதம் பத்திரமாக வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் வருகிற அன்று கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
(கையொப்பம்)
பத்தமடை.

இணைப்பு: பில் நகல், பெட்டியின் முன்பக்கப் படம், கையேட்டின் கடைசிப் பக்க நகல், சேவை மையச் சீட்டு நகல், ஒரே பாயை 12-இலும் 48-இலும் பழைய கேமராவிலும் எடுத்த படங்கள், பென் டிரைவில்.