ஆண்டறிக்கை 2023–24: மனநலம் பாதிக்கப்பட்டோர், குடும்பத்தார் சங்கத்தின் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்தது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பாளையங்கோட்டை, பேட்டை, மேலப்பாளையம், முக்கூடல், சேரன்மகாதேவி பகுதிகளிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் முடிய நடந்த பணிகளை இவ்வறிக்கையில் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சங்கத்தின் வழக்கப்படி எவர் பெயரும் இதில் இல்லை.

மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நடக்கும் கூட்டம் இவ்வாண்டு ஒருமுறைகூடத் தவறவில்லை. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றான பிறகுதான் தாய்மாரின் வருகை கூடியது. நம் முயற்சியால் கூடியது என்று சொல்லிக்கொள்ள நான் விரும்பவில்லை.

சென்ற ஆண்டு அக்னி நட்சத்திர நாட்களில் ஏற்பட்ட ஒரு சிக்கலைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பீடி சுற்றும் நம் உறுப்பினர் ஒருவர் மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரையைப் பல ஆண்டுகளாக எடுத்துவருபவர். தூள் பறக்கும் என்பதால் பீடி சுற்றும் வீடுகளில் மின்விசிறி போடுவதில்லை. எழுந்து போனால் கணக்குக் குறையும் என்று தண்ணீரும் அதிகம் குடிப்பதில்லை. வியர்வையில் உப்பும் நீரும் வெளியேறி, குடிக்கும் தண்ணீரும் குறைந்தால், அதே அளவு மாத்திரைக்கே இரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். இலையைச் சுற்றி மடக்கி நூல் கட்டும் கை நடுங்கத் தொடங்கியது; கடையில் கழிக்கப்பட்ட பீடி கூடியது; கூலி குறைந்தது. வீட்டார் இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டார்கள். வாந்தி எடுத்து நடை தள்ளாடிய பிறகே மருத்துவரிடம் போனார்கள். இரத்தப் பரிசோதனைக்குப் பின் அளவு சரிசெய்யப்பட்டு, இப்போது அவர் பழையபடி சுற்றுகிறார். லித்தியம் எடுப்பவர்கள் பங்குனி, சித்திரையிலேயே ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு மருத்துவரைக் கேட்க வேண்டும் என்றும், பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருக்க வேண்டும் என்றும் அதன்பின் எல்லாக் கூட்டத்திலும் சொல்லிவருகிறோம். பீடி நல்ல தொழில் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வெளியே வேலை கேட்டுப் போனால் திருப்பி அனுப்பப்படுகிறவர்களுக்கு, வீட்டுத் திண்ணையில் இருந்தபடி சொந்தக் காசு தருவது இன்றைக்கு அதுதான்.

கோயில் கொடை விழா பற்றி உறுப்பினர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. கோயிலுக்குப் போகக் கூடாது என்று சங்கம் சொன்னதில்லை, சொல்லப்போவதுமில்லை. விடிய விடிய வில்லுப்பாட்டும் மேளமும் கேட்டு இரண்டு மூன்று இரவு தூக்கம் கெட்டால், அளவுமீறிய உற்சாகமும் படபடப்பும் வரும் மனஎழுச்சி நோய் உள்ளவர்களுக்கு நோய் திரும்புவது கண்கூடு என்பதால், இரவு மாத்திரையைப் போட்டுவிட்டு நேரத்தில் படுத்துக்கொள்ளட்டும் என்பதே நம் வேண்டுகோள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு இவ்வாண்டும் பலரை அழைத்துச் சென்றோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தில் உள்ள 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. அப்படியிருந்தும் ஓர் அலுவலகத்தில், “கை கால் நல்லாத்தானே இருக்கு” என்று நம் உறுப்பினரைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டத்தின் நகலோடு மறுமுறை போன பிறகே மனுவை வாங்கினார்கள். தன்னைப் பேணிக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை செய்வது ஆகிய நான்கையும் நோய் நீடித்த காலத்தையும் பார்த்து மதிப்பிடுகிறார்கள். 40 விழுக்காடு வந்தால்தான் சலுகைகள். முகாமன்று மகனைக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, “கேட்டதுக்கு நல்லா பதில் சொல்லு” என்று சொல்லி அழைத்துவரும் அம்மாக்களை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். அவன் நல்லபடியாகப் பேசிவிடுகிறான்; விழுக்காடு குறைந்துவிடுகிறது. புதுச்சட்டையைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. கடந்த ஓராண்டின் மோசமான நாட்களைத் தேதியோடு எழுதிக் கொண்டுவரும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகஸ்டு 6 அன்று ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நினைவுகூர்ந்தோம். 2001இல் அங்கே கூரைக் கொட்டகையில் சங்கிலியோடு பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் மாண்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்திருக்கிறது. வெளியே பூட்டிய அறையைப் பற்றி அன்று ஒரு தாய் பேசினார். கூட்டத்தில் யாரும் அவரைக் கடிந்து பேசவில்லை.

டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளம் எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழையில் திருநெல்வேலி சந்திப்பு, வண்ணார்பேட்டை, மீனாட்சிபுரம், கைலாசபுரம் பகுதிகளில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. அரிசியும் துணியும் நனைந்ததை எல்லோரும் எழுதினார்கள். மாத்திரை கரைந்துபோனதையும் மருத்துவமனைச் சீட்டு மிதந்துபோனதையும் எழுதியவர்கள் குறைவு. செல்பேசியும் வேலை செய்யாத அந்நாட்களில் யார் எங்கே இருக்கிறார், யாருக்கு எத்தனை நாள் மாத்திரை கையிருப்பு என்று செயற்குழுவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். பேட்டையைச் சேர்ந்த அந்த உறுப்பினர் ஒவ்வொரு கூட்டத்திலும் பின்வரிசையில் உட்கார்ந்து, ஒரு லாங் சைஸ் நோட்டில் ஆளுக்கு ஒரு பக்கமாக மாத்திரையின் பெயர், அளவு, எந்தத் தேதியில் தீரும் என்று எழுதிவந்தார். இது எதற்கு என்று நாங்கள் கேட்டதுண்டு, சிரித்ததும் உண்டு. வெள்ளம் வடியத் தொடங்கியதும் அந்த நோட்டைப் பாலித்தீன் பையில் சுற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்த நம்மவர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். சீட்டு இல்லாதவர்களுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் மருத்துவர் புதிதாக எழுதிக்கொடுத்தார். அவருடைய தெருவில் அவருக்குப் பட்டப்பெயரே கோட்டி என்பதுதான். பைத்தியம் என்று பொருள்படும் அந்தச் சொல்லை நம் பக்கத்தில் கொஞ்சலாகவும் சொல்வோம், கல்லெறிவதுபோலவும் சொல்வோம். பட்டப்பெயர் இன்னும் மாறவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

நோட்டில் இல்லாத ஒருவருக்கு மாத்திரை பல நாள் நின்றுபோய், நோய் திரும்பி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. எங்கள் பெயரை எங்கேயும் எழுத வேண்டாம் என்று அந்தக் குடும்பம் முன்பே கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் தம்பியின் நோயை நானும் ஆறு ஆண்டுகள் ‘நரம்புத் தளர்ச்சி’ என்றே ஊருக்குச் சொல்லிவந்தேன்.

பிப்ரவரியில் நடந்த ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஓர் உறுப்பினரோடு மருத்துவரிடம் துணைக்குப் போயிருந்தேன். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று மருத்துவர் கேட்டதற்கெல்லாம் நானே பதில் சொன்னேன். வெளியே வந்ததும் அந்தத் தங்கச்சி கேட்டார்: “அண்ணாச்சி, டாக்டர் என்னையத்தான கேட்டாவ. எல்லாத்தையும் நீங்களே சொன்னா நான் எதுக்கு வந்தேன்?” நான் பதில் சொல்லவில்லை. நோயுற்றவர் தம் சார்பில் பேச வேண்டியவரைத் தாமே தேர்ந்தெடுத்து, வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்கிறது. இதைக் குடும்பத்தாருக்குப் பலமுறை விளக்கியிருக்கிறோம். உரிமைக்கு உரியவர்களை உட்காரவைத்து விளக்கியது மார்ச்சில்தான் முதன்முறை. அன்று எழுதிய சிலர் எங்களில் பலர் எதிர்பார்த்தபடி அண்ணனையோ தகப்பனாரையோ எழுதவில்லை. ஒருவர் பக்கத்து வீட்டு அத்தையை எழுதினார்.

உறுப்பினர் அட்டையின் பின்புறத்தில் அரசின் இலவச மனநல ஆலோசனை எண்ணான 14416 அச்சிடப்பட்டுள்ளது. அட்டையைப் புதுப்பிக்காதவர்கள் இன்று வாங்கிக்கொள்ளவும்.

நம் செயற்குழுவில் இதுநாள் வரை இருந்தவர்கள் அனைவரும் தாய், தந்தை, அண்ணன், தம்பிமார்தாம். நோயைத் தாமே அனுபவித்த ஒருவர்கூட இருந்ததில்லை. ஒன்பது இடங்களில் மூன்றையாவது அவர்களுக்கு ஒதுக்கும் விதித் திருத்தம் இன்று பொதுக்குழுவின் முன் வருகிறது. முன்மொழிபவர் அந்த நோட்டுக்கு உரியவர். என் அறிக்கையை இத்துடன் நிறுத்தி, ஒலிவாங்கியை அவரிடம் தருகிறேன்.