உயர்தர ஐ.சி.ரி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்: எந்த லூப்பை நிறுத்துகிறது பிரேக்?

யாழ்ப்பாணத்தில் உயர்தர வகுப்புக்கும் ரியூசனிலும் ஐ.சி.ரி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) படிப்பிக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பைதன் மொழியில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் லூப்புக்குள் எழுதும் பிரேக் என்ற கட்டளை என்ன செய்யும் என்று கேட்டால், "லூப்பை நிறுத்தும்" என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எந்த லூப்பை என்று கேட்டால்தான் முழிக்கிறார்கள். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களின் பைதன் செய்நிரல்களை வாசிப்பவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

இரவு கொழும்புக்குப் போகிற மூன்று பஸ்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெளி லூப் பஸ்களை ஒவ்வொன்றாக எடுக்கிறது. உள் லூப் அந்த பஸ்ஸின் சீற்றுகளைப் பார்க்கிறது. காலியான சீற்றைக் கண்டதும் பதிந்துவிட்டு பிரேக். மூன்றிலும் இடமிருந்தால் ஒரே ஆளுக்கு மூன்று பஸ்ஸிலும் சீற் பதிவாகிவிடும்! பிரேக் தன்னைச் சுற்றியிருக்கும் உள் லூப்பை மட்டும்தான் முடிக்கும். வெளி லூப் தன்பாட்டில் அடுத்த பஸ்ஸுக்குப் போய்விடும். கன்ரினியூ என்ற கட்டளையும் அப்படித்தான், உள் லூப்பின் அடுத்த சுற்றுக்கே தாவும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் மோசம்.

வழக்கமாகச் சொல்லிக்கொடுக்கும் மருந்து, 'கிடைத்தது' என்று ஒரு மாறி வைத்து, உள் லூப் முடிந்ததும் அதைச் சோதித்து இன்னொரு பிரேக் போடுவது. சரி, வேலை செய்யும். ஆனால் மூன்றடுக்கு லூப் வந்தால் சோதனையும் இரண்டு இடத்தில் வேண்டும். ஒன்றை மறந்தால் பழைய கதைதான்.

ஜாவாவில் வெளி லூப்புக்குப் பெயர் வைத்து, அந்தப் பெயரைச் சொல்லியே பிரேக் போடலாம். பி.எச்.பியில் 'பிரேக் 2' என்றாலே இரண்டு அடுக்கும் முடிந்துவிடும். பைதனுக்கும் பெயர் வைக்கும் வசதி வேண்டும் என்று 2007இல் பெப் 3136 என்ற மாற்ற முன்மொழிவு கேட்டது. பைதனை உருவாக்கிய கீடோ வான் ரோசம் மறுத்துவிட்டார்: அப்படிச் சிக்கலான செய்நிரல்கள் அரிது, வசதியைக் கொடுத்தால் தேவையில்லாத இடத்திலும் பாவிப்பார்கள் என்று. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

ஏனென்றால் பைதனில் அதைவிடத் தெளிவான வழி இருக்கிறது. இரண்டு லூப்பையும் ஒரு ஃபங்ஷனுக்குள் (பெயர் சொல்லி அழைக்கும் தனிச் செய்நிரல் துண்டு) போட்டு, சீற் கிடைத்த இடத்திலேயே ஃபங்ஷனை விட்டு வெளியேற்றும் ரிட்டர்ன் கட்டளையைப் போட்டால் எல்லா அடுக்கும் ஒரேயடியாக முடியும். மாறியும் வேண்டாம், சோதனையும் வேண்டாம். ஒன்றை மட்டும் கரும்பலகையில் அழுத்திச் சொல்லுங்கள்: 'கிடைக்கவில்லை' என்று சொல்லும் கடைசி ரிட்டர்ன், வெளி லூப்பைத் தொடங்கும் ஃபோர் என்ற சொல் இருக்கும் அதே நேர்கோட்டில் தொடங்க வேண்டும். ஒரு படி உள்ளே தள்ளிவிட்டால், முதல் பஸ்ஸில் இடமில்லை என்றதுமே மற்ற இரண்டையும் பார்க்காமல் ஃபங்ஷன் திரும்பிவிடும்.

அடுத்த தவணைப் பரீட்சையில் இப்படி ஒரு கேள்வி போடுங்களேன். உள் லூப்பில் பிரேக் உள்ள ஒரு சின்னச் செய்நிரலைக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு லூப் மாறிகளின் பெறுமானத்தையும் அட்டவணையாக எழுதச் சொல்லுங்கள். பிறகு அதே லூப்புகளை ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டு, பிரேக்குக்குப் பதில் ரிட்டர்ன் வைத்து எழுதச் சொல்லுங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு செய்நிரலாளன்