லேப்டாப் குலுக்கலை எப்படி நம்புவது?

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் மஞ்சக்குப்பம் பக்கம் பண்டிகைப் பரிசுக் குலுக்கல் எல்லாம் இப்போது லேப்டாப்பில்தான். பட்டனைத் தட்டுகிறார்கள், நம்பர் ஓடி நிற்கிறது, கை தட்டிவிட்டுக் கலைகிறோம். எப்படி வந்தது என்று கேட்டால் "கம்ப்யூட்டர்தானே சார் போட்டது" என்கிறார்கள்.

சாதாரண புரோகிராம் போடும் ரேண்டம் நம்பர் (எந்த ஒழுங்கும் இல்லாமல் வருவதாகத் தோன்றும் எண்) வெறும் கணக்குதான், தொடக்க எண் தெரிந்தால் அடுத்து வருவதெல்லாம் தெரியும், அந்தத் தொடக்க எண்ணையும் பலர் கடிகார நேரத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். 1995-ல் நெட்ஸ்கேப் பிரவுசரின் ரகசியச் சாவிகள் (தகவலைப் பூட்டும் ரகசிய எண்கள்) இப்படித்தான் ஊகிக்கப்பட்டன.

நிஜமான ரேண்டம் வேண்டுமென்றால் தனிக் கருவி எதுவும் தேவையில்லை. கீபோர்டு, மவுஸ், டிஸ்க் இவற்றிலிருந்து தகவல் வரும் நேரத்தில் நுணுக்கமான முன்பின் இருக்கும், அதை லினக்ஸ் என்ற இயங்குதளம் 1990-களிலிருந்தே சேர்த்து வைக்கிறது. இன்டெல் 2012 முதல் சிப்புக்குள்ளேயே மின்சுற்று இரைச்சலிலிருந்து (மின்சாரத்தில் தானாக வரும் ஒழுங்கற்ற சிறு ஏற்ற இறக்கத்திலிருந்து) எண் எடுக்கிறது. மைக் செருகாத சவுண்ட் கார்டின் இரைச்சல்கூட உதவும். ஆனால் அப்படி வரும் பிட்களில் (பூச்சியம், ஒன்று என்ற இலக்கங்களில்) பூச்சியமோ ஒன்றோ கொஞ்சம் கூடுதலாக விழும். அதற்குக் கணித மேதை வான் நியூமன் 1951-லேயே வழி சொல்லிவிட்டார்: இரண்டிரண்டாக எடு, இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் தூக்கிப்போடு, 01 வந்தால் பூச்சியம், 10 வந்தால் ஒன்று. (ஒரு பிட் இன்னொன்றைச் சார்ந்து வராமல் இருந்தால்தான் இது செல்லும்.)

பாஸ்வேர்டுக்கும் சாவிக்கும் இது அருமை. ஊர் குலுக்கலுக்கு? போதாது என்பதுதான் என் கருத்து. நிஜ ரேண்டமைத் திரும்ப ஓட்டிச் சரிபார்க்க முடியாது, மச்சான் நம்பர் வரும்வரை உள்ளே உட்கார்ந்து பட்டனைத் தட்டிவிட்டு, கடைசியாக வந்ததை மட்டும் காட்டினால் நமக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் லாட்டரி அமைப்பின் கம்ப்யூட்டர் பாதுகாப்பைக் கவனித்துவந்த எட்டி டிப்டன் என்பவரே, குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும் எண்களை ஊகிக்க வசதியாக புரோகிராமில் கைவைத்திருந்தார், 2017-ல் ஒப்புக்கொண்டார். மெஷினை வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆகவே குலுக்கல் நடத்துவோரிடம் கேட்பது இவ்வளவுதான். பெயர்ப் பட்டியலையும் புரோகிராமையும் முதல்நாளே ஒட்டிவிடுங்கள், மேடையில் கூட்டத்தில் இருப்பவர்களையே கூப்பிட்டுப் பத்திருபது முறை பகடை உருட்டச் சொல்லுங்கள், விழுந்த எண்களை வரிசையாக அந்தப் புரோகிராமுக்குத் தொடக்க எண்ணாகக் கொடுங்கள். அதே தொடக்க எண்ணுக்கு அதே முடிவுதான் வரும் என்பதால், சந்தேகம் உள்ளவர் வீட்டிலேயே ஓட்டிப் பார்த்துக்கொள்வார். பட்டியலை மட்டும் பகடை உருட்டிய பிறகு மாற்றக் கூடாது.

ஒரு வாசகர்,
கடலூர்