கடல் மிதவைகளுக்கு நிதி ஒதுக்கும் பொறுப்பில் இருப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிதித்துறை, அறிவியல் துறைப் பொறுப்பாளர்களுக்கு, வணக்கம்.

கடலின் வெப்பம், உப்பு போன்றவற்றை அளக்கும் மிதவைகள் குறைந்தாலும் புயல், பருவநிலை முன்னறிவிப்பு நின்றுவிடாது. கணினி மாதிரி வழக்கம்போல ஓடும், வரைபடமும் நேரத்துக்கு வரும். அளவீடு இல்லாத இடத்தை மாதிரி தன் முந்தைய கணிப்பைக் கொண்டே நிரப்பிக்கொள்ளும். நிதி வெட்டின் பாதிப்பு உடனே கண்ணில் படாததற்கு இதுதான் காரணம். பிழை எவ்வளவு என்று பார்க்கவும் அதே மிதவைகளின் அளவீடுதான் வேண்டும். அவற்றை எடுத்துவிட்டால் முன்னறிவிப்பு கெடுவதோடு, கெட்டுவிட்டது என்று காட்டும் அளவுகோலும் போய்விடும்.

செயற்கைக்கோள்கள் இருக்கும்போது மிதவை எதற்கு என்ற கேள்வி ஒவ்வொரு கூட்டத்திலும் வருகிறது. செயற்கைக்கோள் கடலின் மேற்பரப்பு வெப்பநிலையையும் நீர்மட்ட உயரத்தையும் காட்டும். அடியில் இருப்பதை அதனால் நேரடியாக அளக்க முடியாது. வங்காள விரிகுடாவைப் பாருங்கள். ஆற்று நீரும் மழையும் சேர்ந்து அங்கே மேலே உப்புக் குறைந்த மெல்லிய அடுக்கை உருவாக்குகின்றன. புயல் கடலைக் கலக்கும்போது பொதுவாக அடியிலுள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து புயலின் வலுவைக் குறைக்கும். இங்கே அந்த உப்பு வேறுபாடு கலப்பைத் தடுத்துவிடுகிறது. மாதிரியில் இந்த அடுக்கு சரியாக அமையாவிட்டால், அது கடலை அளவுக்கு மீறிக் குளிரவைத்து, புயலை உள்ளதைவிட வலுவற்றதாகக் காட்டும். 50 மீட்டர் ஆழத்தில் உப்பு எவ்வளவு என்பதை அங்கே இறங்கிப் பார்க்கும் கருவிதான் சொல்ல முடியும்.

அந்த வேலையைச் செய்பவை ஆர்கோ மிதவைகள். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 மிதவைகள் இயங்குகின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு மிதந்திருந்து, 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டருக்கு இறங்கும். பிறகு உள்ளிருக்கும் எண்ணெயை வெளிப்பைக்குள் தள்ளித் தன் கன அளவைக் கூட்டிக்கொண்டு, வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் மூன்றையும் அளந்தபடி மேலேறும். மேலே வந்ததும் செயற்கைக்கோள் வழியாகத் தரவை அனுப்பிவிட்டு மறுபடி மூழ்கும். பேட்டரி நாலைந்து ஆண்டுகள் தாங்கும். எனவே இந்த எண்ணிக்கை குறையாமலிருக்க ஆண்டுதோறும் சுமார் 800 புதிய மிதவைகளை இறக்க வேண்டும். ஓராண்டு ஒதுக்கீடு தவறினால் அதன் விளைவு அடுத்த ஆண்டே முழுதாகத் தெரியாது. ஓட்டைகள் மெல்ல மெல்லத்தான் விழும்.

மிதவை வாங்கப் பணம் தந்துவிட்டுத் தரச் சரிபார்ப்புக்குத் தராமல் விடுவது இன்னொரு தவறு. 2015-க்குப் பிறகு தயாரான ஒரு பகுதி உப்பு சென்சார்களில், மிதவை இறங்கிய சில ஆண்டுகளுக்குள்ளேயே அளவு நகர்ந்து, உண்மையைவிடக் கூடுதல் உப்பைக் காட்டத் தொடங்கியது. எங்களுக்கு வேண்டிய துல்லியம் 0.01 அலகு. இதைவிடப் பெரிய விலகல் மாதிரிக்குள் போனால் நீரின் அடர்த்தி தவறும், அடர்த்தி தவறினால் இல்லாத நீரோட்டம் முளைக்கும். உப்பு அதிகம் மாறாத ஆழ்நீரில் வந்த அளவுகளை அக்கம்பக்கத்து மிதவைகளோடும் பழைய பதிவுகளோடும் ஒப்பிட்டு, நகர்ந்ததை ஒருவர் உட்கார்ந்து பார்த்துத்தான் பிடிக்க முடியும். தானியங்கிச் சோதனை மொத்தக் கோளாறைப் பிடிக்கும், மெல்ல நகர்வதைப் பெரும்பாலும் விட்டுவிடும்.

நங்கூரமிட்ட மிதவைகளின் கதை இன்னும் கடுமையானது. அவற்றுக்குக் கப்பல் வேண்டும். கயிறு தேயும், சென்சாரில் பாசியும் கொட்டலசும் படரும். மிதவையடியில் மீன் கூடுவதால் படகுகள் வந்து கட்டி, கருவிகளைச் சேதப்படுத்தும். பசிபிக் கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில் 1994-இல் முழுமை பெற்ற டாவோ வரிசையில் சுமார் 70 மிதவைகள் இருந்தன. 2012-இல் அவற்றைப் பராமரித்த கப்பல் நிறுத்தப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், வர வேண்டிய தரவில் பாதிகூட வரவில்லை. பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருமா என்று 2014-இல் எல்லோரும் கவனித்துக்கொண்டிருந்த கடற்பகுதி அதுதான். அந்த ஆண்டுக் கணிப்பின் குறைகளுக்கு இதுவே காரணம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் கடலின் மேற்பரப்புக்குக் கீழுள்ள வெப்பம் கிழக்கே நகர்வதைத் தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு பெருமளவு குறைந்துபோனது. கப்பல் நாட்களுக்கு மறுபடி நிதி வந்த பிறகுதான் நிலைமை சீரானது.

ஆகவே எங்கள் கோரிக்கை இது. மிதவை, கப்பல் நாட்கள், அளவுத்திருத்தம், தரச் சரிபார்ப்பு நான்கையும் ஒரே செலவினமாக, குறைந்தது ஐந்தாண்டுக்குச் சேர்த்து ஒதுக்குங்கள். மூன்றாண்டு ஆய்வுத் திட்டத்தின் கிளையாக அதை வைக்காதீர்கள். நீரோட்டத்தோடு போகும் சிறு மிதவைகளை வாங்கும்போது காற்றழுத்தமானியோடு வாங்குங்கள். கடல்மட்டக் காற்றழுத்தத்தைச் செயற்கைக்கோள் நேரடியாக அளப்பதில்லை. உங்கள் கடல் எல்லைக்குள் எடுத்த அளவையும் 24 மணி நேரத்துக்குள் எல்லோருக்கும் திறந்துவிடுங்கள், தாமதமாக வரும் அளவு அன்றைய கணிப்புக்கு உதவாது.

எந்த வரிசையையாவது நிறுத்தியே ஆக வேண்டும் என்றால், அதற்கு முன் அந்தத் தரவைச் சேர்த்தும் விட்டும் மாதிரியை ஓட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். ஒரு மாத ஓட்டம் போதாது. மற்ற கருவிகள் கொஞ்ச காலம் ஈடுகட்டிவிடுவதால் பாதிப்பு மறைந்திருக்கும். பருவக் கணிப்புக்குப் பல ஆண்டுகளை ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த முடிவு பொதுவில் வந்த பிறகு கையெழுத்திடுங்கள்.

இப்படிக்கு,
கடல் முன்னறிவிப்புப் பணியில் இருப்போர்